தொட்டிலும் தொழிலும்



நான் ஆலிம் அல்லன். கல்லூரி வாசலை மிதித்தவனும் அல்லன். ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததுமே என் படிப்பு. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றது. ஆகவே நான் எழுதப்போகும் விஷயத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துத் திருத்த வேண்டும். ஆனாலும் சில மாதங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்காமல் இருக்க முடியவில்லை.

கேள்வி இதுதான். ஒருவரிடம் இரண்டு அமானத்துகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் எதை முதலில் பார்ப்பது? இரண்டையும் பார்க்க முடியாதபோது, விட்டுக்கொடுக்க வேண்டியவர் அந்த ஒருவர் மட்டும்தானா? அல்லது சுற்றியிருக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டா?

இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணால் எழுந்தது. என் அக்காள் மகள் மிருக வைத்தியம் படித்தவள். அதற்காக ஐந்து வருஷம் ஆஸ்திரேலியாவில் இருந்தாள். குளிர்கால இரவில் பண்ணைக்குப் போய், பசுவின் வயிற்றுக்குள் தோள் வரை கையை விட்டு, கோணலாக நின்ற கன்றை நேராக்கி வெளியே இழுத்ததாக அங்கிருந்து எழுதுவாள். படித்து முடித்துச் சிங்கப்பூர் திரும்பி ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். இங்கே பசு இல்லை. பூனை, நாய், முயல், கிளி இவைதான். நாயைத் தொடலாமா என்று கேட்பவர்களுக்கு, தொட்டபின் சுத்தம் செய்துகொள்ளும் முறையை நம் மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்; அது இன்றைய பேச்சல்ல. தாகித்த நாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரைப் பற்றியும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றியும் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாயில்லா ஜீவனைப் பேணுவது உயர்ந்த வேலை என்பதில் நமக்குள் தகராறு இருக்க முடியாது.

அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது கேகே ஆஸ்பத்திரியில். கண்டாங் கெர்பாவ் என்பதன் சுருக்கமே கேகே. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். நம் தேக்கா வட்டாரத்தில் ஒரு காலத்தில் எருமையும் மாடும் கட்டியிருந்தார்கள். பஃபலோ ரோடு என்ற தெருப்பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1858ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி 1924ல் பிரசவ ஆஸ்பத்திரியாயிற்று. 1966ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து, கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. தொழுவத்தின் பெயரைச் சுமக்கும் இடத்தில் இத்தனை பிள்ளைகள் பிறந்ததை நினைத்தால், மிருகத்தைப் பேணுவதும் பிள்ளையைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று பகையான வேலைகள் அல்ல என்றே தோன்றுகிறது. இரண்டும் ஒரே ஆளின் தலையில் ஒரே மணிக்கு வந்து விழும்போதுதான் சங்கடம்.

அந்தச் சங்கடம் பிள்ளை வயிற்றில் இருந்தபோதே தொடங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது. மிருகத்துக்குக் கொடுக்கும் மயக்க வாயுவைச் சுவாசிக்கக் கூடாது. பூனையின் மலத்தில் வரக்கூடிய ஒரு கிருமி, கருவிலிருக்கும் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் கெடுக்கக்கூடியது. மிருகங்களுக்குப் போடும் சில ஹார்மோன் மருந்துகள் தோலில் பட்டாலே கரு கலைந்துவிடும் அபாயம் உண்டு. இத்தனையையும் அவள் விவரித்தபோதுதான், ஊசி போட்டு அனுப்பும் எளிய வேலை என்று நான் எண்ணியிருந்தது எவ்வளவு தவறு என்று தெரிந்தது.

மனத்துக்கும் அது லேசான வேலையன்று. பிழைக்காது என்று தெரிந்த ஜீவனுக்கு, அது வேதனைப்படாமல் போகும்படி கடைசி ஊசியைப் போடுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. காலையில் அதைச் செய்துவிட்டு, அழும் சொந்தக்காரருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, அடுத்த அறையில் சிரித்த முகத்தோடு ஒரு குட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டும். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மற்ற ஜனங்களைவிட மிருக வைத்தியர்களிடையே தற்கொலை அதிகம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து கைப்பிள்ளையை வாங்கிக்கொள்ளும் பெண்ணை, நாம் கடையிலிருந்து களைத்து வரும்போது எதிர்பார்க்கும் இரக்கத்தில் பாதியோடாவது பார்க்க வேண்டாமா?

இனி நடந்ததைச் சொல்கிறேன். அவளுடைய 16 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பிள்ளைக்கு ஐந்து மாதம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கிளினிக் மூடும் நேரத்தில் ஒருவர் கடுவன் பூனை ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். வீவக வீடுகளில் லைசென்ஸ் எடுத்து இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று 2024 செப்டம்பர் 1ல் விதி வந்ததல்லவா, அப்படி ஆசையாக எடுத்து வளர்த்தவர். பூனைக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் போகவில்லை. “நாளைக்குச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்” என்றாராம்.

கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகலானது. மணல் போன்ற உப்புத்தூளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு ஏறி இருதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்தப் பூனையின் வயிற்றைத் தொட்டால் மூத்திரப்பை எலுமிச்சம்பழம்போல இறுகியிருந்தது. இருதயத் துடிப்பும் தடுமாறியது. இரவு முழுவதும் திறந்திருக்கும் வேறு மிருக ஆஸ்பத்திரிகள் ஊரில் உண்டு. ஆனால் வழியிலேயே உயிர் போய்விடும் என்று அவள் கணித்தாள்.

அதே நேரத்தில் வீட்டிலிருந்து மாமியார் தொலைபேசியில் அழைத்தார். தாய்ப்பாலை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் அவள் தினமும் போவாள். அன்றைக்குப் பார்த்துப் பிள்ளை புட்டியை வாயில் வாங்க மறுத்தது. “பிள்ளை அழுகிறான், எப்போது வருவாய்?” என்று கேட்டார். பின்னால் பிள்ளை அழும் சத்தமும் இவளுக்குக் கேட்டது.

அவள் பூனையைப் பார்த்தாள். மருந்து கொடுத்து, மயக்கி, குழாய் செலுத்தி, அடைப்பை எடுத்து, அதன் துடிப்பு சீராகும் வரை நின்றாள். வீட்டுக்கு வந்தபோது இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பிள்ளை அழுது அழுது களைத்துத் தூங்கியிருந்தான். பூனை பிழைத்தது. அவள் விடியும் வரை தூங்கவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் குடும்பத்தார் கூடினோம். ஆளுக்கொரு பக்கம் பேசினாலும் முடிவு ஒன்றாகவே இருந்தது: “வேலையை விட்டுவிடு. பூனை பெரிதா, பிள்ளை பெரிதா?” நானும் அதையே சொன்னேன். மூத்தவன் என்ற உரிமையில் சற்று அழுத்தமாகவே சொன்னேன். அவள் மரியாதை குறையாமல் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “மாமா, உங்கள் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது, உங்களை யாராவது கடையை மூடச் சொன்னார்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. சகோதரர்களே, உங்களிடம் பதில் இருக்கிறதா?

நம் சமுதாயத்தின் கதையை நாமே அறிவோம். வாலிபத்தில் மணம் முடித்து, மனைவியை ஊரில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் நம் முன்னோர்கள். நான் 1977ல் பிறந்தபோது என் அத்தா சிங்கப்பூரில் கடையில் இருந்தார். எம்.வி. சிதம்பரம் கப்பலில் அவர் ஊர் திரும்பி என்னை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மூன்று வயது. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “யார் இவர்?” என்று கேட்டேனாம். இதை எங்கள் வீட்டில் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அத்தா மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் அனுப்பிய பணத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஆனால் அவருக்கு நேர்ந்ததற்கு நஷ்டம் என்ற பெயரை யாரும் வைக்கவில்லை. “பிள்ளைகளுக்காகத்தானே உழைக்கிறார்” என்று சொல்லி மூடிவிட்டோம். ஆண்பிள்ளை தொட்டிலைவிட்டுத் தொழிலுக்குப் போனால் தியாகம், பெண்பிள்ளை போனால் பேராசை என்று இரண்டு தராசு வைத்திருப்பது வியாபாரிக்கு அழகா?

“அப்படியானால் பெண்கள் இந்த வேலைக்கே போகாமல் இருக்கலாமே” என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பேச்சும் புதிதன்று. பிரிட்டனில் அலீன் கஸ்ட் என்ற பெண்மணி 1900லேயே மிருக வைத்தியப் படிப்பை முடித்தார். பெண் என்ற காரணத்தால் அவரைப் பட்டியலில் சேர்க்காமல் இருந்து, 1922ல்தான் அங்கீகாரம் கொடுத்தார்கள். அந்த வருஷங்களில் பெரும்பகுதியை அவர் அயர்லாந்தில் மிருகங்களுக்கு வைத்தியம் செய்துகொண்டுதான் கழித்தார். இன்று பல நாடுகளில் இந்தப் படிப்பில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளை பெற்றதும் அவர்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், பால் தரும் மாட்டையும் குர்பானி ஆட்டையும் யார் பார்ப்பது? மேலும், கேள்வி பெண்ணுக்கு மட்டும் உரியதுமன்று. மிருக வைத்தியம் செய்யும் ஆணுக்கும் வீட்டில் தொட்டில் ஆடத்தான் செய்யும்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன்: பூனை பெரிதா, பிள்ளை பெரிதா? பிள்ளைதான் பெரிது, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரவில் இருந்த கேள்வி அதுவா என்று நான் பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குப் பிள்ளை பாட்டியின் கையில் இருந்தான். பசித்து அழுதானே தவிர உயிருக்கு ஆபத்தில்லை. பூனைக்கோ அந்த ஒரு மணி நேரம் தவறினால் உயிரே இல்லை. அங்கே வேறு வைத்தியரும் இல்லை. ஒருவேளை பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருந்தால், பூனையை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும், அவளும் ஓடியிருப்பாள். ஆக, அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது எது பெரிது என்பதல்ல, எதற்கு அவசரம், என்னைவிட்டால் யார் உண்டு என்பதுதான்.

நமக்குப் புரியும்படி சொன்னால், இது கடன் பட்டியலைப் போன்றது. ஒருவருக்குப் பத்தாயிரம் வெள்ளி தர வேண்டும், தவணை அடுத்த மாதம். இன்னொருவருக்கு ஐந்நூறு வெள்ளி தர வேண்டும், தவணை இன்று மாலை. கையிலிருப்பது ஐந்நூறு. யாருக்குக் கொடுப்போம்? இன்று மாலைக்காரருக்குத்தான். அதனால் பத்தாயிரம் கொடுத்தவரை அவமதித்ததாகாது. அந்த இரவில் அவள் செய்தது இதுதான். அதில் பாவம் ஒன்றும் இல்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதையும் வியாபாரிகளாகிய நாம் அறிவோம். தினமும் மாலையில் ஓர் ஐந்நூறுகாரர் வந்துகொண்டே இருப்பார். தினமும் அவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தால், பத்தாயிரத்துக்குரிய நாள் வரும்போது பெட்டி காலியாக இருக்கும். ஒவ்வொரு நாள் செய்ததும் நியாயம்தான். ஆனால் வருஷக் கடைசியில் கடை திவால். பிள்ளை விஷயத்திலும் அப்படியே. கிளினிக்கில் தினம் ஓர் அவசரம் வரும். கடையில் தினம் ஒரு சரக்கு வந்து இறங்கும். பிள்ளை மட்டும் நோட்டீஸ் அனுப்புவதில்லை, வட்டி கேட்பதில்லை, வளர்ந்துகொண்டே போய்விடுகிறது. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று “யார் இவர்?” என்று கேட்கும்போதுதான் தவணை தாண்டிவிட்டது தெரிகிறது.

ஆகையால் அந்தந்த மணி நேரத்தில் மனச்சாட்சியைக் கேட்டு நடந்தால் போதும் என்று சொல்ல முடியவில்லை. அவசரம் வருமுன்பே ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்த ஏற்பாட்டை யார் செய்வது? இங்கேதான் மதரஸாவில் கேட்ட ஒரு செய்தி என் நினைவுக்கு வந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டி நடத்த எண்ணி நிற்பார்கள். அப்போது பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். இத்தனை நாளும் நான் இதைக் குழந்தைகள் மீது காட்டிய அன்புக்கு உதாரணமாக மட்டுமே எண்ணியிருந்தேன்.

இப்போது அதில் இரண்டு விஷயங்கள் எனக்குப் புதிதாகத் தெரிகின்றன. முதலாவது, தொழுகை கைவிடப்படவில்லை, சுருக்கப்பட்டது. கடமையும் நிறைவேறியது, குழந்தையும் தாயிடம் சேர்ந்தது. இரண்டாவது, சுருக்கியவர் யார்? அந்தத் தாய் அல்ல. அவள் இமாமைப் பின்பற்றி நிற்கிறவள். அவளாகச் சுருக்கிக்கொள்ள முடியாது. முன்னால் நின்று நடத்துகிறவர், நேரத்தைத் தன் கையில் வைத்திருக்கிறவர், அவர் சுருக்கினார். “குழந்தை வைத்திருப்பவள் ஏன் ஜமாஅத்துக்கு வந்தாள்?” என்று அவர்கள் கேட்கவும் இல்லை.

நாங்கள் குடும்பமாகக் கூடி அந்தப் பெண்ணிடம் பேசியதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. நேரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களை விட்டுவிட்டு, நேரமே இல்லாதவளிடம் போய், “நீ சுருக்கிக்கொள்” என்று சொல்லியிருக்கிறோம்.

அவள் விஷயத்தில் நேரம் யார் கையில் இருந்தது? ஒன்று, கிளினிக்கை நடத்துகிறவர் கையில். மூடும் நேரத்துக்கு ஒரே ஒரு வைத்தியரை மட்டும் நிறுத்தாமல் முறை மாற்றிப் போட அவரால் முடியும். இரண்டு, கணவர் கையில். மூன்று, பாட்டி, மாமா, பெரியம்மா என்று ஆலோசனை சொல்ல மட்டும் வருகிற எங்கள் கையில். நான்கு, பூனையை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கடை மூடும் நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்த வாடிக்கையாளர் கையில். முதல்நாள் காலையிலேயே வந்திருந்தால் அந்தப் பூனைக்கும் அவ்வளவு வேதனை இல்லை, இந்தப் பிள்ளைக்கும் அழுகை இல்லை. நாமும் டாக்டரிடமோ கடையிலோ இப்படிக் கடைசி நிமிஷத்தில் போய் நிற்கும்போது, எதிரே நிற்பவர் வீட்டிலும் ஒரு தொட்டில் இருக்கலாம் என்று எண்ண வேண்டும்.

சட்டம்கூட இப்போது இந்த வழிக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் 4 வாரம் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம். முதலாளி மறுக்க முடியாது. அதுபோக, தாயும் தகப்பனும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அதே நாளிலிருந்து 6 வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு 10 வாரம். பிள்ளை இந்நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது முதலிய நிபந்தனைகள் உண்டு. 2024 டிசம்பர் 1 முதல், வேலையாள் தன் நேரத்தை மாற்றித் தரும்படி முறையாக எழுதிக் கேட்டால், முதலாளி பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் தகுந்த தொழில் காரணம் காட்ட வேண்டும் என்றும் வழிகாட்டி முறை வந்திருக்கிறது. மலேசியாவிலும் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கு 7 நாள் கிடைத்தது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே போகிறவனைப் பார்த்து, “பெண்பிள்ளைபோல விடுப்பு எடுக்கிறான்” என்று நாம் சிரித்தால், திறந்த கதவால் என்ன பிரயோஜனம்?

என் அக்காள் மகளின் கணவர் நல்லவர். ஆனால் நான்கு வாரத்தில் ஒரு வாரம்தான் எடுத்திருந்தார். “ஆபீஸில் என்ன நினைப்பார்கள்” என்ற பயம். இதையெல்லாம் யோசித்தபின் நான் அவரிடம் தனியே பேசினேன். மிச்சம் மூன்று வாரத்தையும் அவர் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று வாரத்தில் பிள்ளை தகப்பன் கையில் புட்டிப்பால் குடிக்கப் பழகியது. அவள் தன் கிளினிக்கில் எழுதிக் கேட்டாள். முதலில் இழுத்தடித்தார்கள், பிறகு வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறு மணிக்கே விட ஒப்புக்கொண்டார்கள். அதற்காக அவள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாள். அக்காள் வாரம் இரண்டு நாள் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். எல்லாப் பெண்களுக்கும் இப்படி அமையாது என்பதை அறிவேன்.

இதோடு கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அந்தக் கிளினிக் முதலாளியை மனத்துக்குள் நன்றாகக் கடிந்துகொண்டிருந்த அதே வாரத்தில், என் கடையில் ஒன்று நடந்தது. அதை மறைத்தால் நான் எழுதியதற்கு அர்த்தம் இருக்காது.

என்னிடம் வேலை செய்யும் ஒரு தம்பி, ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவர். விடியுமுன் நாலரைக்கு வீட்டை விட்டுப் புறப்படுவார். கடை அடைத்து, பாலத்தில் கூட்டத்தில் நின்று, வீடு சேர இரவு பதினொன்று ஆகும். அவருக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. ஒருநாள் மாலை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தவழ்வதை மனைவி படத்தில் காட்டிக்கொண்டிருந்தார். நான், “கடை நேரத்தில் என்ன இது?” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு எண்ணெய் டின்னைத் தூக்கப் போனார்.

அன்று மாலை ஜமாஅத்தில் நின்றபோது, பின் வரிசையில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. எனக்கு உடம்பு கூசியது. என் கடையில் நேரம் யார் கையில் இருக்கிறது? மறுநாள் அந்தத் தம்பியை அழைத்து, “உனக்கு என்ன செய்தால் சௌகரியம்?” என்று கேட்டேன். சம்பள உயர்வு கேட்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் தயங்கித் தயங்கி, “முதலாளி, வாரத்தில் இரண்டு நாள் அஞ்சு மணிக்கு விட்டீர்களானால், பிள்ளை முழிச்சிருக்கும்போது வீட்டுக்குப் போயிடுவேன்” என்றார். எட்டு மாதக் குழந்தைக்கு அவர் வேலைநாட்களில் தூங்கும்போது மட்டும் வந்துபோகிற தகப்பன்!

இப்போது செவ்வாயும் வியாழனும் அவர் ஐந்து மணிக்குப் போகிறார். அந்த நேரத்தில் நானே மூட்டை பிரித்து நிறுத்துப் போடுகிறேன். முதுகு வலிக்கிறது. வியாபாரத்தில் கொஞ்சம் குறைகிறது என்பதையும் மறைக்கவில்லை. கூட்டம் இருக்கும் நேரத்தில் இரண்டு கை குறைந்தால் குறையத்தானே செய்யும்? அதை அவருக்குச் செய்த தருமம் என்று நான் எழுதிக்கொள்ளவில்லை. இத்தனை நாள் அவர் வீட்டுக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டிருந்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

பிள்ளை பெற்ற இளைய தலைமுறைக்கும் ஒரு வார்த்தை. எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் சில இரவுகள் அந்த வெள்ளிக்கிழமை இரவு போலவே வரும். அன்றைக்கு ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பார்க்க முடியும். அப்போது நஷ்டமே இல்லை என்று மனத்தை ஏமாற்றவும் வேண்டாம், எல்லாம் போய்விட்டது என்று இடிந்துபோகவும் வேண்டாம். நாணயமான வியாபாரி நஷ்டத்தை நஷ்டம் என்றே பேரேட்டில் எழுதுவான். எழுதியதால்தான் அடுத்த மாதம் அதை ஈடுகட்ட வழி தேடுவான். எழுதாமல் விட்டவன்தான் மூழ்கிப்போவான். என் அக்காள் மகளிடம் இதைச் சொன்னேன். அவள், “அந்த இரவை நான் மறக்க மாட்டேன் மாமா. ஆனால் இன்னொரு கடுவன் பூனை அப்படி வந்தாலும் அதையேதான் செய்வேன்” என்றாள். சரியென்றே எனக்குப் பட்டது.

சகோதரர்களே, நம்மில் பெரும்பாலோர் கடை வைத்திருக்கிறோம். நம்மிடம் இரண்டு பேரோ இருபது பேரோ வேலை செய்கிறார்கள். வீட்டிலும் மூத்தவர் என்ற பெயரோடு நாலு பேருக்கு முன்னால் நிற்கிறோம். நம் கடையிலும் வீட்டிலும் சமீபத்தில் பிள்ளை பெற்றவர் யார் யார் என்று இன்றிரவு கடை அடைக்கும்போது ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மறுநாள் அவர்களை அழைத்து, நான் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் கேட்பது நாம் பயப்படுகிற அளவு பெரிதாக இருக்காது.

வஸ்ஸலாம்.